குவார்ட்ஸைட் பாலைவனத்தில் டென்ட், ஆர்.வி. முகாம்: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலையில் மேற்கே இரண்டு மணி நேரம் ஓட்டினால் குவார்ட்ஸைட் வரும். அந்த ஊரைச் சுற்றியுள்ள பாலைவனத்தில் பெரும்பகுதி பி.எல்.எம். என்று எல்லோரும் சொல்லும் நில மேலாண்மைத் துறையின் பொது நிலம். அதில் பல இடங்களில் முன்பதிவு செய்யாமல், கட்டணம் கட்டாமல், டென்ட் அடித்தோ ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டியை நிறுத்தியோ தங்கலாம். டிஸ்பர்ஸ்டு கேம்பிங் என்பது இதுதான். குழாய் கிடையாது, கழிப்பறை கிடையாது, மின்சாரம் கிடையாது. குப்பைத் தொட்டிகூடக் கிடையாது.

சில குளிர்காலங்களாக நண்பர் குடும்பங்களை அங்கே அழைத்துப் போகிறேன். முதல்முறை வருகிறவர்கள் பெரும்பாலும் சாமானை எல்லாம் வாங்கி முடித்துவிட்டு, கடைசியில்தான் எங்கே தங்குவது என்று கேட்கிறார்கள். அங்கிருந்தே சிக்கல் ஆரம்பித்துவிடும். கீழே உள்ள வரிசை, நானும் அவர்களும் தப்புப் பண்ணித் திருத்திக்கொண்டது.

1. நிலம் யாருடையது என்று முதலில் பாருங்கள்

வேலி இல்லாததால் எல்லாம் பொது நிலம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே மண் சாலையின் ஒரு பக்கம் பி.எல்.எம். நிலமாகவும், மறுபக்கம் மாநில அறக்கட்டளை நிலமாகவோ தனியார் நிலமாகவோ இருக்கலாம். அரிசோனாவின் மாநில அறக்கட்டளை நிலத்தில் தங்குவதற்குத் தனி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். தெற்கே யூமா பக்கம் ராணுவப் பயிற்சி நிலங்கள் இருக்கின்றன. வெடிக்காத குண்டுகள் கிடக்கும் இடங்கள் அங்கே உண்டு.

நில உடைமையை நிறம் பிரித்துக் காட்டும் வரைபடச் செயலி ஒன்றைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள். ஆன்எக்ஸ், கையா இரண்டிலும் இந்த அடுக்கு உண்டு. "இங்கே தங்கினோம், அருமை" என்று யாரோ எழுதியிருப்பதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அவர் தங்கியது அனுமதி இல்லாத இடமாக இருந்திருக்கலாம்.

பி.எல்.எம். நிலத்தில் பொதுவாக 28 நாட்களுக்குள் 14 நாட்கள் தங்கலாம். அதற்குமேல் வேண்டுமானால் இடம் மாற வேண்டும். பல பகுதிகளில் குறைந்தது 25 மைல் தள்ளிப் போகச் சொல்கிறார்கள். குளிர்காலம் முழுவதும் ஒரே இடத்தில் இருப்பவர்களுக்கு ஊருக்குத் தெற்கே லா போசா என்ற நீண்டகால முகாம் பகுதி இருக்கிறது. அதற்குக் கட்டணம் உண்டு.

முதல் பயணத்துக்கு நான் சொல்வது ஊருக்கு மேற்கே இருக்கும் டோம் ராக் சாலைப் பகுதி, அல்லது வடக்கே பிளோமோசா சாலைப் பகுதி. பல இடங்களில் தரை கெட்டியான சரளை. ஊர் பக்கத்திலேயே இருப்பதால் எதை மறந்தாலும் போய் வாங்கி வரலாம். தனிமை வேண்டும் என்றால் இரண்டாவது பயணத்தில் கோஃபா வனவிலங்குக் காப்பகத்துக்குப் போங்கள். அங்கே விதி வேறு: அனுமதித்த சாலையிலிருந்து 100 அடிக்குள்தான் வண்டி நிற்கலாம், விலங்குகள் தண்ணீர் குடிக்கும் இடத்திலிருந்து கால் மைலாவது தள்ளித் தங்க வேண்டும். மனிதர் அருகில் இருந்தால் விலங்கு தண்ணீருக்கு வராது, அதனால்தான்.

2. மாதம், அப்புறம் காற்று

நவம்பர் முதல் மார்ச் வரை போங்கள். கோடையில் இங்கே வெயில் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டும்; அந்தச் சூட்டில் வண்டி நின்றுபோனால் அது விடுமுறை இல்லை, உயிர்ப் பிரச்சினை. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முடிய அரிசோனாவின் பருவமழைக் காலம் வேறு.

குளிர்காலத்தில் பகல் இதமாக இருக்கும், இரவு ஏமாற்றிவிடும். பகலில் 20 டிகிரி என்று பார்த்துவிட்டு மெல்லிய போர்வையோடு வந்தவர்கள், விடியற்காலை காருக்குள் ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். சில இரவுகளில் உறைநிலைக்குப் பக்கத்தில் போய்விடும்.

வெப்பநிலையை எல்லோரும் பார்க்கிறார்கள். காற்றை யாரும் பார்ப்பதில்லை. தேசிய வானிலைச் சேவையின் தளத்தில் வரைபடத்தில் நீங்கள் தங்கும் புள்ளியையே தொட்டு, மணிக்கு மணி காற்றின் வேகத்தைப் பாருங்கள். வீச்சு மணிக்கு 25 மைலைத் தாண்டும் என்றால் டென்ட் பயணத்தைத் தள்ளிப்போடுவேன். ஒதுங்க அங்கே சுவரும் கிடையாது, தோப்பும் கிடையாது.

3. எந்த வண்டியில் போகிறீர்கள்?

வாடகை ஆர்.வி. என்றால் ஒப்பந்தத்தை இப்போதே படியுங்கள். தார் போடாத சாலையில் ஓட்டக் கூடாது என்று பல வாடகை ஒப்பந்தங்களில் இருக்கும். அங்கே சேதமானால் காப்பீடு கைகொடுக்காது. வாடகைக் காருக்கும் இதே கதைதான். சாலையோர உதவிச் சேவை வைத்திருக்கிறோம் என்பார்கள். அதுவும் பெரும்பாலும் தார்ச்சாலையோடு சரி.

ஸ்டெப்னி டயரில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். பல புதிய கார்களில் ஸ்டெப்னியே கிடையாது, பசை டப்பாதான் வைத்திருக்கிறார்கள். சரளைக்கல் டயரின் பக்கச் சுவரைக் கிழித்தால் பசையால் ஒன்றும் ஆகாது. காற்றழுத்தமானி, 12 வோல்ட் காற்றடிக்கும் பம்ப், மண்வெட்டி மூன்றும் கட்டாயம்.

4. தண்ணீர்க் கணக்கு

டென்ட் முகாமுக்கு ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு குடிக்க 4 லிட்டர், சமைக்கவும் கழுவவும் 2 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர், இரண்டு இரவு என்றால் நாள் கணக்கில் மூன்று. 36 லிட்டர் ஆகிறது. அதோடு ஒரு நாள் உபரி சேர்த்தால் 48. வண்டி சிக்கினால் அந்த உபரி நாள்தான் உங்களைக் காப்பாற்றும். அதைக் குளிக்கப் பயன்படுத்தாதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே கேனில் ஊற்றாதீர்கள். கேன் உடைந்தால் பயணமே முடிந்தது. பால் கேன் போன்ற மெல்லிய ஒரு காலன் பாட்டில்கள் வேண்டாம். மேடுபள்ளச் சாலையில் உரசி ஓட்டை விழும். 7 காலன் கெட்டிக் கேன் இரண்டு எடுத்தால் 52 லிட்டருக்கு மேல் வந்துவிடும்.

நம் சமையல் தண்ணீர் குடிக்கும். அரிசி களைவது, வடிப்பது, பருப்பு வேகவைத்த குக்கரைக் கழுவுவது என்று இரண்டு லிட்டர் காணாமல் போய்விடும். முதல் இரவுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். இருட்டில் அடுப்பு மூட்டும் வேலையும் மிச்சம்.

ஆர்.வி.யில் நன்னீர்த் தொட்டியைக் கடைசி ஊரில் நிரப்புங்கள். 40 காலன் தண்ணீர் 150 கிலோ எடை. வீட்டிலிருந்தே சுமந்து வருவது எரிபொருள் வீண். ஆனால் முதலில் பிரச்சினை செய்வது நன்னீர்த் தொட்டி இல்லை, பாத்திரம் கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் போய்ச் சேரும், 'கிரே டேங்க்' எனப்படும் சாம்பல் தொட்டி. பலரும் நன்னீர் தீரும் முன்பே அது நிரம்பி ஊருக்குத் திரும்பினார்கள். அதைப் பாலைவனத்தில் திறந்துவிடும் யோசனையே வேண்டாம். பாத்திரத்தைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவினால் தொட்டி இரண்டு நாள் கூடுதலாகத் தாங்கும்.

5. முந்தைய நாள்

வரைபடத்தைப் போனில் இறக்கி, போனை விமானப் பயன்முறையில் போட்டுத் திறந்து பாருங்கள். இறக்கினேன் என்று நினைத்துக்கொண்டு வந்து, அங்கே சாம்பல் நிறச் சதுரங்களைப் பார்த்து விழித்தவர்கள் நிறைய.

வீட்டில் ஒருவரிடம் ஒரு தாள் கொடுங்கள்: போகும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, வண்டி எண், எத்தனை மணிக்குள் அழைப்பீர்கள், அழைக்காவிட்டால் அவர் எத்தனை மணிக்கு 911-ஐக் கூப்பிட வேண்டும். கடைசி வரிதான் முக்கியம். அது இல்லாவிட்டால் அவர், "சிக்னல் இல்லாமல் இருக்கும்" என்று மறுநாள் வரை காத்திருப்பார்.

விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள் அசல் ஆவணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யூமா பக்கத்துச் சாலைகளில் எல்லைக் காவல் சோதனைச் சாவடிகள் உண்டு. நம் ஆட்கள் பாஸ்போர்ட்டை வீட்டில் பத்திரமாகப் பூட்டிவிட்டு வருவார்கள். அங்கே நின்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

6. மாலை மூன்று மணிக்குள் இடத்தில் இருங்கள்

டிசம்பரில் அங்கே ஐந்தரை மணி வாக்கில் சூரியன் மறையும். இடம் தேட ஒரு மணி நேரம், அமைக்க ஒரு மணி நேரம், தப்பான இடம் என்றால் மாற அரை மணி நேரம். இருட்டில் மண் சாலையின் பள்ளம் தெரியாது. ஓடை எது, மேடு எது என்றும் தெரியாது. நான் முதல் தடவை இரவு எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். காலையில் எழுந்து பார்த்தால் ஓடைக்கு நடுவில் படுத்திருக்கிறேன். மழை இல்லாதது என் அதிர்ஷ்டம்.

சின்ன எச்சரிக்கை: கொலராடோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் கலிபோர்னியா, குளிர்காலத்தில் அங்கே ஒரு மணி நேரம் பின்னால். ஆற்றோரம் போன் இரண்டு நேரத்துக்கும் தாவிக்கொண்டிருக்கும். போனில் மூன்று மணி என்றிருக்கும், வெளிச்சம் நான்கு மணி வெளிச்சமாக இருக்கும்.

7. இடம் தேர்வு: இறங்கி நடங்கள்

இந்த ஒரு படியில் நேரத்தைத் தாராளமாகச் செலவழியுங்கள்.

தார்ச்சாலை முடிந்து ஐம்பது, நூறு அடியில் வண்டியை நிறுத்திவிட்டு, போக நினைக்கும் பாதையில் நடந்து போங்கள். மூன்றைப் பார்க்க வேண்டும். செருப்புக் கால் மணலில் புதைகிறதா? எதிரில் வண்டி வந்தால் ஒதுங்க இடம் உண்டா? கடைசியில் வண்டியைத் திருப்ப முடியுமா? திருப்ப முடியாத பாதையில் டிரெய்லரோடு நுழைந்தால் அரை மைல் பின்னோக்கி ஓட்ட வேண்டிவரும். ஒரு குடும்பம் அதைச் செய்ததைப் பார்த்தேன். கணவன் மனைவி அப்புறம் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை.

ஏற்கெனவே வண்டிகள் நின்று தேய்ந்த இடத்திலேயே தங்குங்கள். நெருக்கமாகப் பதித்ததுபோல் கருங்கற்கள் பரவிய, தடமே படாத தரை சமமாக, அழகாக இருக்கும். அதில் ஏற்றாதீர்கள். அந்தக் கல்லடுக்கு கலைந்தால் எளிதில் சேராது. 1942-இல் இந்தப் பாலைவனத்தில் பயிற்சி எடுத்த டாங்கிகளின் தடம் இன்னும் சில இடங்களில் தெரிகிறது.

அடுத்தது ஓடை. புதியவர்கள் எல்லோரும் நிழலைத் தேடி மரத்தடிக்குப் போகிறார்கள். பாலைவனத்தில் பாலோ வெர்டேயும் அயர்ன்வுட்டும் வரிசையாக நிற்கிற இடம் ஓடைக் கரைதான். தண்ணீர் ஓடுவதால்தான் அந்த மரமே அங்கே இருக்கிறது. தரையில் மணல் அலை அலையாக இருக்கிறதா, செடிகளின் அடியில் குச்சியும் சருகும் ஒரே பக்கமாகச் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். சருகு எந்த உயரத்தில் சிக்கியிருக்கிறதோ அந்த உயரத்துக்கு முந்தைய வெள்ளம் வந்திருக்கிறது. உங்கள் தலைக்குமேல் வானம் நீலமாக இருந்தாலும், மலையில் பெய்த மழை இங்கே வந்து சேரும். பக்கத்து மேட்டுக்குப் போங்கள், நிழலை நீங்களே துணி கட்டி உண்டாக்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் இடத்துக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே ஓடை குறுக்கிடுகிறதா என்றும் கவனியுங்கள். மழை வந்தால் நீங்கள் நனையாமல் மேட்டிலேயே மாட்டிக்கொள்ளலாம். ஆர்.வி.க்கு இதில் இன்னொரு சங்கடம்: பின் சக்கரத்துக்குப் பின்னால் நீளும் வால், ஓடையில் இறங்கி ஏறும்போது தரையில் உரசும். கழிவுத் தொட்டியின் குழாய் அங்கேதான் தொங்குகிறது. அது உடைந்தால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

8. மணலில் புதைந்தால்

சக்கரம் சுழன்று வண்டி நகரவில்லை என்ற அந்த நொடியே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். இதற்கு எதிராகச் செய்வதுதான் எல்லோருடைய இயல்பு. ஒவ்வொரு சுழற்சியும் குழியை ஆழமாக்கி, கடைசியில் வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிடும்.

முதலில் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மணலை வாருங்கள். அப்புறம் காரோ எஸ்.யூ.வி.யோ என்றால் டயர் அழுத்தத்தை 20 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறையுங்கள். டயர் தட்டையாகி, தரையைத் தொடும் பரப்பு கூடும், புதைவது குறையும். அதன்பின் ஓட்டுகிற சக்கரத்துக்கு அடியில் காரின் தரை விரிப்பையோ இழுவைப் பலகையையோ செருகி, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னோக்கி வாருங்கள். வந்த தடம் இறுகியிருக்கும். முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. தார்ச்சாலைக்கு வந்ததும் வேகமெடுக்கும் முன் காற்றை மறுபடி அடித்துவிடுங்கள். குறைந்த காற்றோடு நெடுஞ்சாலையில் ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கும்.

9. டென்ட் அடிக்கும் வரிசை

கம்பியை மாட்டும் முன் முளையை அடியுங்கள். காற்று வரும் பக்கத்து இரண்டு மூலைகள் முதலில். வெறும் டென்ட் நிமிர்ந்ததும் பட்டம்தான். ஒரு நண்பரின் புது டென்ட் அப்படிப் பறந்து போய் ஒரு கள்ளிப் புதரில் அமர்ந்தது. எடுத்து வந்தபோது சல்லடை.

டென்டோடு வரும் மெல்லிய அலுமினிய முளை இங்கே உதவாது. கெட்டித் தரையில் வளைந்துவிடும், மணலில் கழன்றுவிடும். கெட்டித் தரைக்கு 12 அங்குல இரும்பு ஆணியும் சுத்தியலும் வேண்டும். மணலுக்கு, பைகளில் மணல் நிரப்பிக் கயிற்றைக் கட்டி அரை அடி ஆழத்தில் புதையுங்கள். எத்தனை ஆணி அடித்தீர்கள் என்று எண்ணி வையுங்கள்.

டென்டின் தாழ்ந்த பக்கம் காற்றைப் பார்க்கட்டும். அடியில் விரிக்கும் தார்ப்பாய் டென்டைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டியிருந்தால் மழைநீரை வாங்கி உங்கள் முதுகுக்கு அடியில் கொண்டுவந்து சேர்க்கும். கயிறுகளில் வெள்ளைத் துணி கட்டுங்கள், இரவில் தடுக்கி விழாமல் இருக்க. எவ்வளவு குளிர்ந்தாலும் அடுப்பையோ கரி நெருப்பையோ டென்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

10. ஆர்.வி. நிறுத்தும் வரிசை

முதலில் இடம் வலம் மட்டம் பார்த்து, தாழ்ந்த பக்கச் சக்கரத்தைக் கட்டைமேல் ஏற்றுங்கள். அடுத்தது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை. டிரெய்லர் என்றால் அதற்குப் பிறகுதான் இழுவண்டியைக் கழற்ற வேண்டும். கழற்றிவிட்டு மட்டம் பார்க்கப் போனால், திரும்பவும் மாட்டித்தான் நகர்த்த முடியும்; முட்டுக்கட்டை இல்லாமல் கழற்றினால் டிரெய்லர் தானாக உருளும். மட்டம் தூக்கத்துக்காக மட்டும் இல்லை. கேஸில் ஓடும் பழைய வகை ஃபிரிட்ஜ் சாய்ந்து நின்றால் சரியாகக் குளிராது, பழுதும் ஆகும்.

முகப்பு காற்றை நோக்கி நிற்கட்டும். வெளியே போகும்போதும் தூங்கும்போதும் வண்டியின் பக்கவாட்டில் விரியும் துணிப் பந்தலைச் சுருட்டிவிடுங்கள்.

பேட்டரிக் கணக்கு பலரை ஏமாற்றுகிறது. ஹீட்டர் புரோப்பேனில்தான் எரிகிறது, ஆனால் அதன் விசிறி ஓடுவது பேட்டரியில். விசிறி 7 ஆம்பியர் இழுக்கிறது, பத்து மணி நேர இரவில் பாதி நேரம் ஓடுகிறது என்றால் 35 ஆம்பியர் மணி. 100 ஆம்பியர் மணி ஈயப் பேட்டரியில் பாதியைத்தான் கெடாமல் எடுக்கலாம், அதாவது 50. விளக்கு, தண்ணீர் மோட்டார், போன் சார்ஜ் எல்லாம் சேர்ந்தால் விடியும்போது முடிந்துவிடும். லித்தியம் என்றால் நிம்மதி. இல்லாவிட்டால் நல்ல ஸ்லீப்பிங் பேக் போட்டுக்கொண்டு ஹீட்டரை விடியற்காலை மட்டும் போடுங்கள். ஜெனரேட்டரைப் பகலில் ஓட்டி முடித்துவிடுங்கள். பாலைவனத்தில் அந்தச் சத்தம் வெகுதூரம் போகும்.

11. கழிப்பறை

டென்ட்காரர்கள் முகாமிலிருந்தும் பாதையிலிருந்தும் ஓடையிலிருந்தும் குறைந்தது 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழக் குழி தோண்ட வேண்டும். காகிதத்தைப் புதைக்காதீர்கள். ஈரம் இல்லாத மண்ணில் அது மட்காது, நரி போன்ற கயோட்டிகள் தோண்டி எடுத்து ஊரெல்லாம் இழுக்கும். பையில் கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும். சொம்பும் தண்ணீருமாகப் பழகிய நமக்கு இதில் வசதி அதிகம். அதற்கென்று தனி பாட்டில், கூடுதல் இரண்டு லிட்டர் போதும். ஆட்கள் நிறைய வரும் இடத்தில் குழியே வேண்டாம். கழிவைக் கட்டியாக்கும் தூள் போட்ட பைகள் கடைகளில் கிடைக்கின்றன.

12. நெருப்பு, முள், பூச்சி

ஏற்கெனவே கல் அடுக்கிய அடுப்பு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். தீத் தடை இருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். கலிபோர்னியாப் பக்கத்துப் பி.எல்.எம். நிலத்தில் தங்கினால் கேஸ் அடுப்புக்குக்கூட இலவச அனுமதிச் சீட்டு வேண்டும். விறகை உள்ளூரில் வாங்குங்கள். ஆணி அடித்த பேலட் பலகையை எரிக்காதீர்கள். மரம் சாம்பலாகும், ஆணி அடுத்தவர் டயருக்குக் காத்திருக்கும்.

'டெடி பேர் சோயா' என்று ஒரு கள்ளி. தூரத்தில் பஞ்சுப் பொம்மைபோல் இருக்கும், குழந்தைகள் தொடப் போவார்கள். துண்டு துண்டாக உடைந்து தோலில் ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் அந்தக் கையிலும் ஒட்டும். சீப்பை நடுவில் விட்டு வெடுக்கென்று தள்ள வேண்டும். அதனால் முதலுதவிப் பையில் ஒரு சீப்பும் ஓர் இடுக்கியும்.

செருப்பை வெளியே விடாதீர்கள். விட்டால் காலையில் உதறிப் போடுங்கள். புற ஊதா டார்ச் அடித்தால் தேள்கள் பச்சையாக ஒளிரும். படுக்கும் முன் டென்டைச் சுற்றி ஒருமுறை அடித்துப் பார்க்கலாம். அதைவிட அதிகச் செலவு வைப்பது எலிதான். இஞ்சின் சூட்டுக்கு உள்ளே ஏறி ஒயரைக் கடித்துவிடும். சில நாள் நிற்கும் வண்டி என்றால் இரவில் பானட்டைத் திறந்து வையுங்கள். திறந்த, குளிர்ந்த இடத்தில் அது பெரும்பாலும் கூடு கட்டாது.

13. கிளம்பும் நாள்

நெருப்பில் தண்ணீர் ஊற்றி, கிளறி, கையை வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை.

கழிவுத் தொட்டிகளின் அடைப்பான்கள் மூடியிருப்பதை உறுதி செய்துவிட்டு அவற்றைக் காலி செய்ய ஊரில் உள்ள டம்ப் ஸ்டேஷனுக்குப் போங்கள். கழிப்பறைக் கழிவு சேரும் கறுப்புத் தொட்டியை முதலில் திறந்து முழுதும் வடிந்தபின் மூடுங்கள், சாம்பல் தொட்டி அப்புறம். சோப்புத் தண்ணீர் பின்னால் வந்து குழாயைக் கழுவிவிடும். தொட்டி கால்வாசிகூட நிரம்பாதபோது திறந்தால் நீர் மட்டும் ஓடி, கெட்டியானது உள்ளேயே தங்கி இறுகும். முடிந்தால் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பும்வரை பொறுங்கள்.

டென்டைக் கழற்றியதும் ஆணிகளை எண்ணுங்கள். பன்னிரண்டு அடித்திருந்தால் பன்னிரண்டு பைக்குள் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால், மணலைக் காலால் தள்ளித் தள்ளித் தேடிவிட்டுத்தான் வண்டியை எடுங்கள். பெரும்பாலும் அது உங்கள் வண்டியின் பின்சக்கரத்துக்கு நேர்ப் பின்னால் கிடக்கும்.